பிரிகேடியர் ஆன பிறகு: கர்னலாகச் சிறந்தவர் தளபதியாக ஏன் தடுமாறுகிறார்?

2023 ஆகஸ்ட் 1 முதல் இந்திய ராணுவத்தில் பிரிகேடியரும் அவருக்கு மேற்பட்டவர்களும் ஒரே மாதிரிச் சீருடை அணிகிறார்கள். கூர்க்கா அதிகாரியின் அகல விளிம்புத் தொப்பி, பாராசூட் படையினரின் மெரூன் பெரே (மென்துணித் தொப்பி), டாங்கிப் படையின் கறுப்பு பெரே, ரைஃபிள் ரெஜிமென்ட்களின் கறுப்புப் பதவிச் சின்னம், தோளில் தொங்கும் கயிறு எல்லாம் கர்னலோடு முடிந்துவிடும். அதற்கு மேல் தொப்பி, தோள் சின்னம், காலர்ப் பட்டை, பெல்ட், ஷூ அனைத்தும் பொது.

இருபது, இருபத்தைந்து வருடம் ஒரு ரெஜிமென்ட்டின் பெயரைச் சொல்லியே வாழ்ந்தவரிடம் அந்த அடையாளத்தைக் கழற்றச் சொல்வது லேசான காரியமில்லை. ஆனால் காரணம் நடைமுறை சார்ந்தது. பிரிகேடியருக்குக் கீழே வழக்கமாக மூன்று பட்டாலியன்கள் இருக்கும். அதில் ஒன்று அவருடைய பழைய ரெஜிமென்ட்டைச் சேர்ந்ததாக அமைந்துவிடலாம். விருதுப் பரிந்துரை, விடுப்பு, புது வாகனம், எந்தப் பட்டாலியன் முதலில் தாக்கப் போகிறது என்ற முடிவு, இவற்றில் எதிலாவது ‘அவர் ஆளுக்குத்தான் கொடுப்பார்’ என்ற பேச்சு கிளம்பினால் போதும், மற்ற இரண்டு பட்டாலியன்களும் அவரை நம்புவதை நிறுத்திவிடும். புதிதாகப் பதவி உயர்வு பெற்ற தளபதியிடம் முதலில் எதிர்பார்ப்பது இந்த நடுநிலை. சீருடை மாற்றம் அதன் வெளித்தோற்றம் மட்டுமே.

கர்னல் பதவியும் பிரிகேடியர் பதவியும் பார்வைக்கு ஒரு படிதான் வித்தியாசம். வேலையோ அடியோடு வேறு. காலாட்படைப் பட்டாலியனில் ஏறக்குறைய 800 பேர். கமாண்டிங் ஆபீசரான கர்னல் தன் கம்பெனி கமாண்டர்களை மட்டுமல்ல, சுபேதார்களையும் பல ஜவான்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். யாருக்கு வீட்டில் நிலத் தகராறு, யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருக்கும். பிரிகேடில் 3,000-க்கும் மேல். மேஜர் ஜெனரலின் டிவிஷனில் 15,000-ஐத் தாண்டும். பீரங்கி, பொறியாளர், சிக்னல், மருத்துவம், சப்ளை என்று வெவ்வேறு பழக்கவழக்கம் கொண்டவர்கள். முகத்தைப் பார்த்து நடத்துவது இங்கே முடியாது. காகிதம், வரைபடம், ரேடியோ, அடுத்தவர் சொல்லும் தகவல் ஆகியவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும். அந்தத் தகவலில் எது உண்மை என்று பிரித்தறியும் திறமை பட்டாலியனில் அவருக்கு அவ்வளவாகத் தேவைப்பட்டதில்லை. அங்கே கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இதற்கு அதிகம் உதவுவதில்லை. லெப்டினன்ட் கர்னலிலிருந்து கர்னலுக்கு மூன்றாம் எண் தேர்வு வாரியம், பிரிகேடியருக்கு இரண்டாம் எண், மேஜர் ஜெனரலுக்கு முதலாம் எண், லெப்டினன்ட் ஜெனரலுக்குச் சிறப்புத் தேர்வு வாரியம். ஒருவருக்கு மூன்று வாய்ப்பு வரை உண்டு. முதல் பரிசீலனையில் விடுபட்டால் இரண்டு மறுபரிசீலனை. வாரிய உறுப்பினர்கள் முன் வைக்கும் தாளில் பெயர் இருக்காது. எண்முறை மதிப்பீடு வந்த பிறகு 100-இல் பெரும்பகுதி ஆண்டு ரகசிய அறிக்கை (ஏ.சி.ஆர்.), படிப்பு, விருது போன்றவற்றிலிருந்து தானாகக் கணக்காகிறது. உறுப்பினர்கள் தங்கள் கணிப்பில் போடக்கூடியது 5 மதிப்பெண்தான். ஆள்பார்த்துத் தேர்வு செய்வதை இது நன்றாகவே குறைத்தது. ஆனால் ஏ.சி.ஆர். ஒன்பது வரையான அளவுகோலில் எழுதப்படுவது. போட்டி கடுமை என்பதால் எல்லோருக்கும் எட்டும் ஒன்பதுமே விழும். ஒரே ஒரு மேலதிகாரி ஒரு வருடம் ஏழு போட்டுவிட்டால் இருபது வருட உழைப்பு சரிந்துவிடும். ஆக, இந்த வடிகட்டியைத் தாண்டி வருபவர் பெரும்பாலும் தவறே செய்யாதவர். அல்லது தவறு வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டவர். ‘தவறே கூடாது நோய்’ என்று ராணுவத்துக்குள்ளேயே கேலி செய்வது இதைத்தான். அறிக்கையில் அடுத்த பதவிக்கான தகுதியைக் கணிக்கும் பகுதி தனியாக உண்டு என்றாலும், அதையும் எழுதுபவர் இப்போதைய வேலையைப் பார்த்துத்தானே எழுதுவார்?

அந்தப் பழக்கம் பிரிகேடியர் நாற்காலியில் எப்படி வெளிப்படும் என்பதை ராணுவத்தில் இருந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: நான்காவது கமாண்டிங் ஆபீசர் ஆகிவிடுவார். மூன்று பட்டாலியனுக்கும் கர்னல்கள் இருக்க, இவர் போஸ்ட் போஸ்ட்டாகப் போய் மெஷின்கன் எங்கே வைப்பது, பதுங்குகுழியின் வாய் எந்தப் பக்கம் இருப்பது என்று திருத்திக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்த வேலை அது, அவர் கெட்டிக்காரராக இருந்த வேலையும் அதுதான். இதற்கிடையில் பிரிகேட் தலைமையகத்தில் போர்த் திட்டம் பார்க்கும் பிரிகேட் மேஜரும் தளவாடம், நிர்வாகம் பார்க்கும் டி.கியூ.வும் கையெழுத்துக்காகக் காத்திருப்பார்கள். அடுத்த வாரத்துக்கு எத்தனை டன் எரிபொருள் மேலே போக வேண்டும் என்பதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இந்தத் தலையீட்டின் விலையை நேரக் கணக்கில் பார்த்தால் பளிச்சென்று விளங்கும். உத்தரவு வந்ததிலிருந்து தாக்குதல் தொடங்கும் வரை உள்ள நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தளபதி எடுத்துக்கொண்டு, மீதியைக் கீழே விட வேண்டும் என்பது பல ராணுவங்களில் உள்ள விதி. 18 மணி நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரிகேட் 6 மணி நேரத்தில் திட்டம் முடித்தால் பட்டாலியன்களுக்கு 12. அவை 4 எடுத்துக்கொண்டால் கம்பெனிகளுக்கு 8. அந்த எட்டு மணி நேரத்தில் கம்பெனி கமாண்டர் வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை தரையைப் பார்த்துவிட்டு வரலாம், பிளாட்டூன் கமாண்டர்களிடம் மண்மாதிரியை வைத்து விளக்கலாம், ஜவான்கள் சாப்பிட்டுவிட்டுச் சற்று கண்ணயரலாம். புதிய பிரிகேடியர் எல்லாவற்றையும் கச்சிதமாக்குகிறேன் என்று 10 மணி நேரம் எடுத்துக்கொண்டால், அதே கணக்கில் கம்பெனிக்கு மிஞ்சுவது ஐந்தேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அதிலும் பெரும்பகுதி இருட்டு. தலைமையகத்தில் திட்டம் அழகாக இருக்கும், தரையில் வழி தவறும்.

அதனால்தான் உத்தரவில் ‘என்ன செய்ய வேண்டும், எதற்காக’ என்பதைத் தளபதி தன் கைப்பட எழுத வேண்டும், ‘எப்படி’ என்பதைக் கீழே விட வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். நோக்கத்தை இரண்டு படி கீழே உள்ளவர் வரை புரிந்துகொள்ள வேண்டும். பிரிகேடியரின் நோக்கம் கம்பெனி கமாண்டருக்குத் தெரிந்திருந்தால், ரேடியோ அறுந்த பிறகும் அவர் சரியான திசையில் தானாக முடிவெடுப்பார். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், மூன்று நான்கு வரியில் நோக்கத்தைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று. பக்கம் பக்கமாக நீள்கிறது என்றால் தளபதிக்கே இன்னும் தெளிவு வரவில்லை என்று அர்த்தம்.

கீழே விட்டுக்கொடுப்பது பாதி வேலை. மறுபாதி, மேலே மறுத்துச் சொல்வது. இந்திய ராணுவ வரலாற்றில் இதற்கான பாடம் 1962 சீனப் போரில், இன்றைய அருணாச்சலில் உள்ள நாம்கா சூ ஆற்றங்கரையில் இருக்கிறது.

ஆற்றுக்கு மேலே உள்ள தாக்லா மலைமுகட்டிலிருந்து சீனர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று டெல்லி முடிவெடுத்தபோது, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான 33-வது கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) தளபதி லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங் எதிர்ப்புத் தெரிவித்தார். உணர்ச்சிவசப்பட்டு அல்ல. இத்தனை பட்டாலியன், இவ்வளவு தளவாடம், இவ்வளவு வெடிமருந்து மேலே போய்ச் சேராமல் முடியாது என்று கணக்குப் போட்டு எழுத்தில் கொடுத்தார். ஒரு மூத்த தளபதி செய்ய வேண்டியது சரியாக அதுதான். அவருக்குக் கிடைத்த பலன்: வடகிழக்கு எல்லைப் பகுதியின் பொறுப்பு பறிக்கப்பட்டு, அக்டோபர் முதல் வாரம் புதிதாக உருவாக்கிய 4-வது கோரிடம் போனது. அதன் தளபதியாக வந்த லெப்டினன்ட் ஜெனரல் பி. எம். கவுல், போரில் பட்டாலியன்கூட நடத்தியவரல்ல. டெல்லியில் செல்வாக்கு உள்ளவர். அக்டோபர் 10-ஆம் தேதி தாக்லா சரிவிலுள்ள த்சேங் ஜோங்கில் சீனர்கள் திருப்பி அடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிலைமை அவருக்கு உறைத்தது. அப்போதும் 7-வது பிரிகேடை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுக்குப் பின்வாங்கச் செய்யும் முடிவு வரவில்லை. கவுல் உயரமலை நோயில் படுத்து, டெல்லிக்குக் கொண்டுபோகப்பட்டு, படுக்கையிலிருந்தபடியே கோரை நடத்தினார். அக்டோபர் 20 விடியலில் தாக்குதல் வந்தது. பிரிகேட் சிதறியது. அதன் தளபதி பிரிகேடியர் ஜான் தால்வி இரண்டு நாள் கழித்துச் சிறைபிடிக்கப்பட்டார்.

இதில் சொல்லாமல் விடப்படும் ஒரு சங்கடம் உண்டு. சரியாக மறுத்தவர் பொறுப்பை இழந்தார், தலையாட்டியவர் பதவி பெற்றார். ‘துணிச்சல் வேண்டும்’ என்று புதிய தளபதிகளுக்கு உபதேசம் செய்பவர்கள் இந்த விலையையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. ஒரு நடைமுறை யோசனையும் இங்கே உண்டு: மறுப்பை டன்னிலும் நாளிலும் எழுத வேண்டும். ‘முடியாது’ என்ற சொல் கோழைத்தனமாகப் படிக்கப்படும். ‘கோவேறு கழுதையில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏறும், இவ்வளவு சேர இத்தனை நாள் ஆகும்’ என்பதை அப்படிப் படிப்பது கடினம். பதவி போனாலும் அந்தக் காகிதம் கோப்பில் இருக்கும்.

மறுத்தும் நிலைத்தவர்கள் இருக்கிறார்கள். 1965 செப்டம்பரில், பாகிஸ்தான் போருக்கிடையே சீனா மிரட்டல் விடுத்தபோது, சிக்கிமில் முன்னணிக் கணவாய்களை விட்டுப் பின்னால் உள்ள பிரதான அரணுக்கு வரும்படி மேலிடம் சொன்னது. பக்கத்து டிவிஷன் ஜெலெப் லாவை விட்டு வந்தது, சீனர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நாது லாவுக்குப் பொறுப்பான 17-வது மலை டிவிஷனின் மேஜர் ஜெனரல் சகத் சிங் நகரவில்லை. நீர்பிரி முகட்டில் இருக்கும் கணவாயை விட்டால் எதிரி நம் பக்கப் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது அவர் வாதம். 1967 செப்டம்பரில் அங்கே மோதல் வெடித்தபோது இந்தியப் படை மேட்டில் இருந்தது. அதே 1965 போரில் பஞ்சாபில் பியாஸ் ஆற்றுக்குப் பின்னால் வரலாமா என்று தலைமைத் தளபதி ஜெனரல் சௌத்ரி கேட்டதாகவும், தான் ஒப்புக்கொள்ளவில்லை என்றும் மேற்குக் கட்டளைத் தளபதி ஹர்பக்ஷ் சிங் பிற்பாடு எழுதினார். அசல் உத்தரில் பாகிஸ்தான் டாங்கிகள் கரும்புத் தோட்டங்களில் சிக்கி அழிந்தது அந்த நாட்களில்தான்.

ஹர்பக்ஷ் இன்னொன்றும் செய்தார், அதைப் பற்றிப் பேசுவது குறைவு. லாகூர் முனையில் செப்டம்பர் 6 அன்று 3-வது ஜாட் பட்டாலியன் இச்சோகில் கால்வாயைத் தாண்டிவிட்டது. பின்னாலிருந்து உதவி வராததால் திரும்ப வேண்டியதாயிற்று. கைக்கு வந்த வாய்ப்பை 15-வது டிவிஷன் நழுவவிட்டது. மறுநாளே அதன் தளபதி நிரஞ்சன் பிரசாத்தை நீக்கி மொஹிந்தர் சிங்கைக் கொண்டுவந்தார் ஹர்பக்ஷ். போர் நடக்கும்போது தனக்குக் கீழே உள்ள தளபதியை மாற்றுவது மூத்த தலைமையின் மிகக் கசப்பான வேலை. ஒரே பயிற்சிக் கல்லூரி, ஒரே மெஸ், குடும்ப நட்பு எல்லாம் குறுக்கே நிற்கும். தாமதித்தால் நாளுக்கு இத்தனை உயிர் என்ற கணக்கில் விலை கொடுக்க வேண்டும். அன்று கைவிட்ட டோக்ராய் ஊரை அதே 3-வது ஜாட் செப்டம்பர் 21-22 இரவில் மறுபடி பெரும் விலை கொடுத்துத்தான் பிடித்தது.

துணிச்சலுக்கும் அவசரத்துக்கும் நடுவே உள்ள கோட்டைப் பார்க்க இரண்டு ஹெலிகாப்டர் நடவடிக்கைகளை அருகருகே வைக்கலாம்.

1971 டிசம்பர் 9, வங்கதேசப் போர். அப்போது 4-வது கோரின் தளபதியாக இருந்த சகத் சிங்கின் முன்னால், டாக்காவுக்குப் போகும் வழியில், மேக்னா ஆறு. அசுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தானியர் தகர்த்துவிட்டார்கள். கையில் இருந்தவை ஒரு டஜன் அளவுக்கு எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்கள். அவரே முன்கூட்டிப் பறந்து கரையைப் பார்த்தார். அவர் சென்ற ஹெலிகாப்டர் சுடப்பட்டு விமானி காயமடைந்தும் வேலையை நிறுத்தவில்லை. எதிரி இல்லாத ராய்புராவைத் தேர்ந்தெடுத்து இரவும் பகலும் திரும்பத் திரும்பப் பறந்து துருப்புகளை இறக்கினார். டாக்கா வரை போ என்று அவருக்கு வந்த ஆரம்ப உத்தரவில் இல்லை.

1987 அக்டோபர் 11 நள்ளிரவு, யாழ்ப்பாணம். புலிகளின் தலைமை பல்கலைக்கழகப் பகுதியில் கூடுகிறது என்ற தகவலை நம்பி, 54-வது டிவிஷன் எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்களில் பாரா கமாண்டோக்களையும் 13-வது சீக்கிய இலகு காலாட்படைப் பட்டாலியனின் வீரர்களையும் விளையாட்டு மைதானத்தில் இறக்கியது. புலிகள் ரேடியோவை ஒட்டுக்கேட்டுத் தயாராக இருந்தார்கள். சூட்டில் ஹெலிகாப்டர்கள் பழுதாகி அடுத்தடுத்த துருப்புகள் வரமுடியாமல் போயிற்று. இறங்கிய 30 சீக்கியப் படையினரில் உயிரோடு பிடிபட்டவர் ஒருவர் மட்டுமே.

இரண்டிலும் குறைவான ஹெலிகாப்டர், இரண்டிலும் துணிச்சல். மேக்னாவில் இறங்கிய இடத்தில் எதிரி இல்லை, ஒரு சுற்று தவறினாலும் அடுத்தது வரும். யாழ்ப்பாணத்தில் எதிரியின் மடியில் இறங்கினார்கள், இரண்டாம் சுற்று வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் மாற்றுத் திட்டம் கிடையாது. ஒரு திட்டம் தன் முன் வரும்போது புதிய தளபதி கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘இரண்டாவது சுற்று வராவிட்டால் முதலில் போனவர்கள் கதி என்ன?’ என்பதே.

யாழ்ப்பாணம் இன்னொரு குணத்தின் தேவையையும் காட்டியது. ஜூலை 29 ஒப்பந்தத்தின்படி அமைதி காக்கப் போன டிவிஷன் அக்டோபர் 10-இல் போரில் இறங்கியது. டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங்குக்கு ஒரு பக்கம் சென்னைக் கோட்டையிலிருந்த படைத் தலைமையகம், இன்னொரு பக்கம் கொழும்பிலிருந்த இந்தியத் தூதர், அதற்கும் மேலே டெல்லி. யார் சொல்வது ராணுவ உத்தரவு, யார் சொல்வது அரசியல் விருப்பம் என்று பிரித்துப் பார்ப்பதும், வாய்மொழியாக வந்ததை எழுத்தில் கேட்பதும் மேஜர் ஜெனரலின் அன்றாட வேலையாகிவிடுகிறது. பட்டாலியனில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை.

சொல்லித் தர முயலும் இடம் டெல்லியிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கல்லூரி. 1960-இல் தொடங்கியது. பிரிகேடியர் நிலை அதிகாரிகளோடு ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., வெளிநாட்டு அதிகாரிகளும் 47 வாரம் சேர்ந்து படிக்கிறார்கள். அங்கே எம்.ஃபில். பட்டம் தந்துவந்தது சென்னைப் பல்கலைக்கழகம் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது. மேஜர் நிலையில் குன்னூர் வெலிங்டன் கல்லூரியில் படித்தவர்களுக்கு எம்.எஸ்சி. தருவதும் அதே பல்கலைக்கழகம்தான். வெலிங்டன் ஒரு நல்ல ஸ்டாஃப் அதிகாரியை உருவாக்குகிறது, மாவ்வில் உள்ள ராணுவப் போர்க் கல்லூரியின் உயர் கட்டளைப் படிப்பு பெரிய படைகளை நகர்த்தக் கற்றுத்தருகிறது, டெல்லிக் கல்லூரி, அரசாங்கம் எப்படி யோசிக்கிறது என்பதைக் காட்டுகிறது. இடம் குறைவு என்பதால் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

உடல்நிலை பற்றியும் ஒரு வார்த்தை. லடாக்கிலோ அருணாச்சலிலோ பொறுப்பேற்கும் தளபதிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், அடுத்த 15,000 வரை 4 நாள், அதற்கு மேல் இன்னொரு 4 நாள் என்று உடலைப் பழக்கிய பிறகே மேலே போக வேண்டும். ஜவானுக்கு இதைக் கண்டிப்பாக அமல்படுத்தும் தளபதிகள் சிலர், தாங்கள் மட்டும் ஹெலிகாப்டரில் நேராக முன்னணிப் போஸ்ட்டில் இறங்கிக் கைகுலுக்கிவிட்டு வருவார்கள். கவுலுக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கலாம். நுரையீரலில் நீர் கோத்தால் தோளில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்காது. கார்கிலுக்குப் பிறகு தளபதிகளின் வயதைக் குறைக்க வேண்டும் என்று ஒரு குழு சொன்னது.

கார்கில் விட்டுச்சென்ற வேறொரு வழக்கு, உண்மையை அறிக்கையிடுவது பற்றியது. படாலிக் பகுதியில் 70-வது பிரிகேடை நடத்திய பிரிகேடியர், தன் பங்கைக் குறைத்துக் காட்டி மேலதிகாரி அறிக்கை எழுதிவிட்டார் என்று வழக்குத் தொடுத்தார். 2010-இல் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் அந்த மதிப்பீட்டை ஒதுக்கச் சொன்னது. போர் முடிந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது, அவர் ஓய்வும் பெற்றுவிட்டார். பிரிகேடியராகி முதன்முறையாகக் கர்னல்களின் ஏ.சி.ஆர். எழுத உட்காருபவர் கையில் இருக்கும் பேனாவின் பலம் அவ்வளவு.

சமாதான நாட்களில் கெடுவது வேறு விதம். தளபதி வருகிறார் என்றால் வழியெல்லாம் கல்லுக்கு வெள்ளையடிப்பார்கள், பழுதான வண்டியைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள், பதிவேட்டில் எல்லாம் பச்சையாக இருக்கும். விவரமுள்ள தளபதிகள் சொல்லிக்கொண்டு ஒரு முறை, சொல்லாமல் ஒரு முறை போவார்கள். ஓட வேண்டிய வண்டிகளில் ஐந்தைத் தாங்களே சுட்டி, இப்போதே கிளப்பு என்பார்கள். இரண்டு கிளம்பாவிட்டால் யாரையும் திட்டமாட்டார்கள். ஒருமுறை திட்டினால் அடுத்த மாதம் ஐந்தும் காகிதத்தில் ஓடும். நிலையத்துக் குடும்பங்களின் நலச் சங்கத்தைத் தளபதியின் மனைவி நடத்துவது இன்னும் வழக்கம். ஜவான்களின் மனைவிகளைக் கூட்டத்துக்குக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்ற புகார் வந்தால், தளபதியின் பெயர் கெட அவர் செய்த எதுவும் தேவையில்லை.

இப்போது வருபவர்களுக்கு வேலை கூடிக்கொண்டே போகிறது. முப்படைக்கும் பொதுவான அமைப்புகளின் தளபதி மற்றப் படையினர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அதிகாரம் தரும் சட்டம் 2024 மே 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு ராணுவ மேஜர் ஜெனரல் கடற்படை மாலுமியின் குற்றத்தை விசாரிக்கும்போது, அந்தப் படையின் வழக்கம் தெரியாவிட்டால் அவர் எடுக்கும் முடிவு தீர்ப்பாயத்தில் நிற்காது. 2025 ஜூலை 26 அன்று திராஸில் ராணுவத் தலைமைத் தளபதி அறிவித்த ‘ருத்ரா’ பிரிகேடுகளில் காலாட்படை, டாங்கி, பீரங்கி, சிறப்புப் படை, ட்ரோன் எல்லாம் ஒரே பிரிகேடியரின் கீழ். முன்பு டிவிஷன் தளபதி கையில் இருந்த கலவை இது. வாழ்நாள் முழுக்கக் காலாட்படையில் இருந்தவர், ஒரு டாங்கி ரெஜிமென்ட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு டீசல் வேண்டும், ட்ரோனுக்குப் பேட்டரி எங்கே சார்ஜ் ஏறும், இரண்டுக்கும் ரேடியோ அலைவரிசை மோதாமல் யார் பங்கிடுவது என்பதைப் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாது என்றால் தன்னைவிட இளைய டாங்கி அதிகாரியிடம் எல்லோர் முன்னிலும் கேட்க வேண்டியிருக்கும். அவருடைய இருபத்தைந்து வருட ஏ.சி.ஆர்.களில் அதற்கு மதிப்பெண் இருந்ததில்லை.